இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வாயை ஒரு தடவை பாருங்கள்

மதுரை மாவட்டத்துப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கிற பெற்றோர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. வீட்டில் மிஷின் போட்டு ரவிக்கை, பாவாடை தைக்கிறேன். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர். கூட்டம் போட்டால் கழிப்பறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் என்று பேசுவோம், பேச வேண்டிய விஷயங்கள்தான் எல்லாம். அந்தக் கூட்டத்தில் பல்லைப் பற்றியும் ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். சொத்தைப் பல்லைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். பல் வரிசை எப்படி வருகிறது, தாடை எப்படி வளர்கிறது, அதை எந்த வயதில் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் போனது, தெரியாததால் என் மகள் இன்றைக்கும் கஷ்டப்படுகிறாள்.

மூத்தவளுக்கு இப்போது 16 வயது. அவளுக்கு 7 வயதில் பால் பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோது, கீழ் வரிசை மேல் வரிசைக்கு முன்னால் வந்து நின்றது. நான் பார்த்தேன். அவளுடைய அப்பத்தாவும் பார்த்தார்கள், "என் நாடி அப்படியே இறங்கியிருக்கு பாரு" என்று முகத்தைத் தடவிக் கொஞ்சினார்கள். அவர்களுக்கும் அதே நாடிதான், கீழ்த்தாடை முன்னால் நீண்டு இருக்கும். குடும்பத்தில் வருகிற ஜாடை என்று நினைத்தோம், அது உண்மையும்கூட, இந்த மாதிரித் தாடை பரம்பரையாக வருவது உண்டு. ஆனால் பரம்பரையாக வருகிறது என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று நாங்களாக முடிவு கட்டிவிட்டோம். அதுதான் தப்பு.

மனசு கேட்காமல் பக்கத்து டவுனில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் காட்டத்தான் செய்தோம். "எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும்மா, 13 வயசுல கூட்டிட்டு வாங்க, கம்பி போட்டுக்கலாம்" என்றார்கள். பள்ளிக்கு வருஷா வருஷம் வருகிற மருத்துவக் குழுவும் டார்ச் அடித்துப் பார்த்து, சொத்தை இல்லை என்று எழுதிவிட்டுப் போனது. ஒரு காலைப்பொழுதுக்குள் பள்ளி முழுவதையும் பார்த்தாக வேண்டிய வேலை அவர்களுக்கு. நாங்களும் 13 வயது வரட்டும் என்று இருந்துவிட்டோம்.

நான் தைக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தருவாள். கத்தரியைத் தேடிக்கொண்டிருக்காமல் நாங்கள் நூலைப் பல்லால்தான் அறுப்போம், தையல்காரர் வீட்டில் எல்லோருக்கும் அது கைப்பழக்கம் மாதிரி ஒரு வாய்ப்பழக்கம். அவளுக்கு மட்டும் அது வராது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நுனியோடு நுனி சேராது, நூல் நடுவில் நழுவிப் போகும். கடைவாய்க்குக் கொண்டுபோய் இரண்டு மூன்று தடவை மென்று அறுப்பாள், நூல் நுனி எச்சிலில் பிரிந்து பஞ்சு மாதிரி கிடக்கும், ஊசியில் கோக்க முடியாது. "ஒழுங்கா அறுக்கக்கூடத் தெரியலையா" என்று எத்தனையோ நாள் அவளைத் திட்டியிருக்கிறேன். மாங்காய்க் கீற்றையும் பக்கவாட்டில் வைத்துத்தான் கடிப்பாள். அதையெல்லாம் நான் அவளுடைய பழக்கம் என்று நினைத்தேனே தவிர, பல் சேரவில்லை என்று நினைக்கவில்லை.

அப்புறம் கொரோனா வந்தது. எல்லோரும் முகக்கவசம் போட்டோம். எல்லோரும் கழற்றிய பிறகும் இவள் கழற்றவில்லை. முதலில் பயம் என்று நினைத்தேன். ஒரு நாள் துவைக்க எடுத்த புத்தகப் பையில் அடியில் மடித்து மடித்து அடுக்கிய முகக்கவசம் ஒரு கட்டு இருந்தது, சில நைந்து காது நூல் அறுந்து, அறுந்ததை அவளே முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். வகுப்பில் அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அன்றைக்குத்தான் சொன்னாள். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரமே மாட்டுத்தாவணியில் இறங்கி மதுரையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே பல் சீரமைப்பு மருத்துவர் கேட்ட முதல் கேள்வி பல்லைப் பற்றியே இல்லை. "பொண்ணு எப்போ வயசுக்கு வந்தா?" என்று கேட்டார். ஒன்றரை வருஷம் ஆச்சு என்றேன். பெண் பிள்ளைகளுக்கு வேகமாக உயரம் கூடுகிற காலம் அதற்கு முன்னாலேயே வந்து போய்விடும் என்று சொல்லி, தலையைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து, கழுத்துப் பகுதி முதுகெலும்பின் வடிவத்தைக் காட்டி, வளர்ச்சி இவ்வளவுதான் மிச்சம் என்று விளக்கினார். 7, 8 வயதில் வந்திருந்தால் நெற்றியிலும் நாடியிலும் பதிந்து நிற்கிற ஒரு கவசம் மாட்டி, அதிலிருந்து வாய்க்குள் ரப்பர் பேண்டு போட்டு, மேல்தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்துப் பார்த்திருக்கலாமாம். வீட்டில் இருக்கும்போதும் தூங்கும்போதும் போட்டால் போதுமாம், பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டியதில்லையாம். 10 வயதுக்குள் செய்தால்தான் அதில் நல்ல பலன் கிடைக்கும் என்றார். இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னார்: அப்போதே வந்திருந்தாலும் முழுக்கச் சரியாகியிருக்கும் என்று உறுதி கொடுக்க முடியாது, கீழ்த்தாடை பிற்பாடு மறுபடி வளர்ந்து மிஞ்சிவிடுகிற பிள்ளைகளும் உண்டு. ஆனால் ஒரு வாய்ப்பு இருந்தது. இப்போது வளர்ச்சி முழுக்க நிற்கும் வரை காத்திருந்து, கம்பி போட்டு, தாடை எலும்பில் அறுவை சிகிச்சை செய்வதுதான் வழி என்கிறார்கள். அவள் காத்திருக்கிறாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "ஏழு வயசுல எனக்கு இது தெரிஞ்சிருக்குமாம்மா" என்று கேட்டாள். உனக்கு எப்படித் தெரியும், எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் சின்னவனுக்காக ஒரு வருஷம் அந்தக் கல்லூரிக்குப் போய்வந்ததில், ஒவ்வொன்றையும் இது ஏன், அது ஏன் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அங்கே படிக்கிற பிள்ளைகளும் சலிக்காமல் சொன்னார்கள்.

பல்லை எந்த வயதிலும் நகர்த்தலாம், 40 வயதிலும் கம்பி போட்டுக்கொள்கிறார்கள். எலும்பு அப்படி இல்லை, வளர்கிற காலத்தில்தான் அதன் வளர்ச்சியைக் கொஞ்சம் திருப்பிவிட முடியும். மேல்தாடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே எலும்பு இல்லையாம், இடது பாதியும் வலது பாதியும் அண்ணத்தின் நடுவில் சேர்கிற இடத்தில் ஒரு கோடு இருக்கிறது, அதை மருத்துவர்கள் தையல் என்றே சொல்கிறார்கள். சின்ன வயதில் அந்தத் தையல் இறுகியிருக்காது. மேல்தாடை குறுகலாக இருக்கிற பிள்ளைக்குத் திருகு வைத்த ஒரு கருவியை அண்ணத்தில் பொருத்தி, பெற்றோர் கையில் ஒரு சின்னச் சாவி கொடுத்து, சொன்ன கணக்குக்குக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பச் சொல்கிறார்கள், தையல் மெல்ல விலகி நடுவில் புது எலும்பு வளர்ந்து சேர்கிறது. பருவ வயது தாண்டி அது இறுகிவிட்டால் அதே வேலைக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தைத்துப் பிழைக்கிற எனக்கு இது ஒரே கேட்பில் புரிந்துவிட்டது. ஓட்டுத் தையலாக இருக்கும்போது பிரித்து அளவைக் கூட்டுவது சுலபம், மிஷின் தையல் விழுந்து கத்தரித்த பிறகு துணிக்குச் சேதம் இல்லாமல் முடியாது.

சரி, ஏன் 7 வயது? அமெரிக்காவின் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம், பிள்ளைகளை 7 வயதுக்குள் ஒரு தடவை பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டச் சொல்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. பால் பல் மொத்தம் 20. சுமார் 6 வயதில் அந்த வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, புதிதாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கின்றன. அவைதான் நிலையான பற்களில் முதலாவது. இதைப் பெரும்பாலான வீடுகளில் பால் பல் என்றே நினைத்து, சொத்தை விழுந்தாலும் விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. இந்தக் கடைவாய்ப் பல்லும் முன்பல்லும் வந்துவிட்டால், பிள்ளை வாயை மூடும்போது முன்பின் எப்படிச் சேர்கிறது, பக்கவாட்டில் எப்படிச் சேர்கிறது, இடம் போதுமா என்று ஒரு மருத்துவரால் பார்த்துச் சொல்ல முடியும். அந்த வயதில்தான் நம் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பில் இருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் சில அம்மாமார்கள் என்னிடம், "ஏழு வயசுப் பிள்ளைக்கா கம்பி போடச் சொல்ற?" என்று சண்டைக்கு வந்தார்கள். இல்லை. பார்க்கச் சொல்கிறேன். பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் "நல்லாருக்கு, ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். நாம் பயப்படுகிற பல விஷயங்களுக்கு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து இருக்கும், பல் விரிந்து கோணலாகத் தெரியும், 8, 9 வயதில் முகமே மாறிப்போன மாதிரி இருக்கும். கோரைப்பல் இறங்கும்போது அந்தச் சந்து பெரும்பாலும் தானாகவே மூடிவிடும். கீழே பால் பல் விழாமலேயே அதற்குப் பின்னால் புதுப்பல் எட்டிப் பார்த்தால் இரட்டை வரிசை என்று பதறுவோம். பால் பல் ஆடிக்கொண்டிருந்தால் அது விழுந்ததும் நாக்கே புதுப்பல்லை முன்னால் தள்ளிவிடும், ஆடாமல் பிடிவாதமாக நின்றால் மட்டும் எடுக்கச் சொல்வார்கள். கொஞ்சம் நெருக்கமாக இருக்கிற பல்லுக்கு அவசரமே இல்லை, எல்லாப் பல்லும் வந்த பிறகு கம்பி போட்டுக்கொள்ளலாம்.

காத்திருக்கக் கூடாதவை வேறு. என் சின்னவனுக்கு அப்படி ஒன்று இருந்தது. மேல் முன்பல் ஒன்று மட்டும் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. மகளுக்கு இருப்பதும் இதுவும் ஒன்றுதான் என்று நினைத்து நான் அழுதேவிட்டேன். மருத்துவர் பார்த்துவிட்டு, தாடை நன்றாக இருக்கிறது, இந்த ஒரு பல்தான் வழி தவறி வந்திருக்கிறது என்றார். ஆனால் விட்டிருக்க முடியாது, மேல்பல் ஒவ்வொரு கடிக்கும் கீழ்ப்பல்லை முன்னால் தள்ளியதில் அந்தக் கீழ்ப்பல்லின் ஈறு மட்டும் இறங்கி, பக்கத்துப் பல்லைவிட நீளமாகத் தெரிந்தது. ஒரு தட்டில் பசை மாதிரிக் குழைத்து வாய்க்குள் வைத்து அளவெடுத்தார்கள், அவன் கண்ணை இறுக்கிக்கொண்டு என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தான், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அந்த அளவுக்கு ஒரு பிளேட் செய்து, பல்லுக்குப் பின்னால் ஒரு மெல்லிய கம்பிச் சுருள் வைத்துக் கொடுத்தார்கள். கழற்றி மாட்டலாம். சாப்பிடும்போதும் மாட்டியே இருக்கச் சொன்னார்கள், சாப்பிட்டதும் கழற்றிக் கழுவ வேண்டும். முதல் வாரம் "ச" வராமல் பேசினான், அப்புறம் சரியாகிவிட்டது. தை மாதம் மாட்டிய பிளேட், அழகர் ஆற்றில் இறங்கிய வாரம் கழற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். மொத்தச் செலவு எங்கள் வீட்டுத் தீபாவளித் துணிமணிச் செலவைத் தாண்டவில்லை. போய்வந்த நாட்களில் தையல் கூலி போனதுதான் எனக்குப் பெரிய செலவு.

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒருவன் 8 வயதில் போனான், ஒருத்தி 13 வயதில் போனாள். இரண்டும் ஒரே அளவு சிக்கல் என்று சொல்ல மாட்டேன், அவளுடையது எலும்பு, அவனுடையது பல். ஆனால் எது எலும்பு எது பல் என்று பிரித்துச் சொல்லக்கூட யாராவது ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும், அவளை அந்த வயதில் அப்படி யாரும் பார்க்கவில்லை.

நாமே வீட்டில் பார்க்கலாம், ஆசிரியர்களும் பார்க்கலாம். பிள்ளையை உதட்டை விரித்து "ஈ" என்று சொல்லச் சொல்லி, கடைவாய்ப் பல் சேரும்படி கடிக்கச் சொல்லுங்கள். மேல் வரிசை கீழ் வரிசைக்கு வெளியே, டப்பா மூடி மாதிரிச் சுற்றி உட்கார வேண்டும். எங்காவது ஒரு பல்லோ ஒரு பக்கமோ உள்ளே போய்க் கடித்தால் காட்ட வேண்டும். வாயை மூடும்போது நாடி ஒரு பக்கமாக நகர்ந்து போய் உட்கார்ந்தால் கண்டிப்பாகக் காட்ட வேண்டும், அப்படியே விட்டால் தாடை ஒரு பக்கமாக வளர்ந்து முகம் கோணலாகும் அபாயம் உண்டு. கடைவாய் சேர்ந்த பிறகும் மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் சந்து தெரிந்து, அதில் நாக்கு எட்டிப் பார்த்தால் அந்தப் பிள்ளை இன்னும் விரல் சூப்புகிறதா என்று கேளுங்கள்.

விரல் சூப்புவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் 4 வயதுக்குள் தாங்களாகவே விட்டுவிடும். புதுப்பல் முளைக்கிற வயதிலும் தொடர்ந்தால்தான் மேல்பல் முன்னால் தள்ளிக்கொண்டு வருவதும், மேல்தாடை குறுகுவதும், முன்னால் சந்து விழுவதும். அந்தச் சமயத்தில் பழக்கம் நின்றால் சந்து பல பிள்ளைகளுக்குத் தானாகவே குறைந்துவிடும், அதனால்தான் வயது முக்கியம். நம் ஊரில் விரலில் வேப்பெண்ணெய் தடவுவோம், சூடு போடுவேன் என்று மிரட்டுவோம், நாலு பேர் முன்னால் "இன்னும் விரல் சூப்புறான் பாருங்க" என்போம். மிரட்டலும் அவமானமும் உதவாது. பயந்த பிள்ளை போர்வைக்குள் போய்ச் சூப்பும். பிள்ளையிடமே பேசி, சூப்பாத இரவுக்கு நாள்காட்டியில் ஒரு நட்சத்திரம் போட்டு, ராத்திரி விரலில் ஒரு துணிக்கட்டுப் போட்டு ஞாபகப்படுத்துவது நல்லது. அதிலும் நிற்காவிட்டால் வாய்க்குள் வைக்கிற கருவி இருக்கிறது, விட வேண்டும் என்று பிள்ளையே நினைக்கும்போதுதான் அது வேலை செய்யும்.

எப்போதும் வாயைத் திறந்தபடி மூச்சு விட்டு, தூக்கத்தில் குறட்டை விடுகிற பிள்ளை என்றால் பல் மருத்துவருக்கு முன்னால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து அடைத்துக்கொண்டிருக்கலாம்.

பால் பல் சொத்தையும் பல் வரிசையும் வேறு வேறு என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. பால் கடைவாய்ப் பல் 10, 12 வயது வரை இருந்து, அடியில் வருகிற புதுப்பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே வேலை. 6 வயதில் அதைச் சொத்தையால் பிடுங்கிவிட்டால் பின்னால் இருக்கிற கடைவாய்ப் பல் முன்னால் சாய்ந்து வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும், அப்புறம் வர வேண்டிய பல் எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், இல்லையென்றால் கன்னத்துப் பக்கமோ நாக்குப் பக்கமோ முளைக்கும். சொத்தையை ஆரம்பத்திலேயே அடைத்துவிடுவது நல்லது. பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், இடம் மூடாமல் இருக்க ஏதாவது வைக்க வேண்டுமா என்று அன்றைக்கே கேளுங்கள். பக்கத்துப் பல்லில் ஒரு வளையம் மாட்டி, வெற்றிடத்தில் ஒரு கம்பி நிறுத்துவார்கள், சின்ன வேலைதான். "விழப்போற பல்லுக்கு எதுக்குச் செலவு" என்று நினைத்துத்தான் பல வீடுகளில் இடம் போகிறது.

எத்துப்பல் விஷயத்தில் நான் கேட்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. 8 வயதிலேயே சிகிச்சை தொடங்கிய பிள்ளைகளையும், 12 வயதுக்கு மேல் தொடங்கிய பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த வெளிநாட்டு ஆய்வுகளில், கடைசியில் பல் வரிசை இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்திருக்கிறது. முன்கூட்டியே செய்ததில் தெளிவாகத் தெரிந்த லாபம், முன்பல் அடிபடுவது குறைந்ததுதான். அதனால் எத்துப்பல் இருக்கிற எல்லாப் பிள்ளைக்கும் உடனே செய்ய வேண்டும் என்று இல்லை. உதடு மூடாத அளவுக்குப் பல் வெளியே நிற்கிற பிள்ளை, ஓடியாடி விழுகிற பிள்ளை, கேலியால் பள்ளிக்கே வர மறுக்கிற பிள்ளை என்றால் காத்திருக்க வேண்டாம். மற்றவர்களுக்கு வேகமாக வளர்கிற வயது வரும்போது செய்யலாம், பெண் பிள்ளைகளுக்கு அது ஆண் பிள்ளைகளைவிடச் சுமார் இரண்டு வருஷம் முன்னாலேயே வந்துவிடும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அடிபடுவதைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொரு பள்ளியின் முதலுதவிப் பெட்டியிலும் எழுதி ஒட்ட வேண்டிய விஷயம். பிள்ளை கீழே விழுந்து நிலையான முன்பல் வேரோடு வந்துவிட்டால் பல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேரைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து எடுங்கள், மண் ஒட்டியிருந்தால் லேசாகக் கழுவலாம், தேய்க்கக் கூடாது. முடிந்தால் அதே குழியில் வைத்து ஒரு துணியைக் கடிக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் பல்லைத் திரும்ப வைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பால் பல் என்றால் திரும்ப வைக்கக் கூடாது, அடியில் இருக்கிற புதுப்பல் கெட்டுவிடும்.

10 வயதில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். மேல் கோரைப்பல் வர வேண்டிய இடத்தில், ஈறுக்கு மேலே விரலால் தடவினால் ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். கோரைப்பல் எலும்புக்குள் வழி மாறிப் போவது தெரிந்தால், அந்தப் பக்கத்துப் பால் கோரைப்பல்லைச் சரியான சமயத்தில் எடுத்துவிடுவதே பல பிள்ளைகளுக்குப் போதுமாக இருக்கிறது, பல் தானே வழிக்கு வந்து இறங்கிவிடும். தாமதித்தால் ஈறை வெட்டித் திறந்து, பல்லில் சின்னச் சங்கிலி மாட்டி, மாதக்கணக்கில் இழுக்க வேண்டும். தெத்துப்பல் ராசி, அழகு என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். பிரஷ் போகிற மாதிரி இருந்து, பக்கத்துப் பல்லுக்குக் கெடுதல் இல்லையென்றால் அது இருந்துவிட்டுப் போகட்டும், வளர்ந்த பிறகு அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

உதட்டுப் பிளவோடும் அண்ணப் பிளவோடும் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். கைக்குழந்தையாக இருக்கும்போது தைத்துவிட்டார்கள், வேலை முடிந்தது என்று பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். பல்லைத் தாங்குகிற எலும்பிலும் பிளவு இருந்தால், கோரைப்பல் இறங்குவதற்கு முன்னால், சுமார் 8 வயதிலிருந்து 11 வயதுக்குள், அங்கே எலும்பு வைத்து நிரப்ப வேண்டியிருக்கும், அதற்கு முன்னால் தாடையைச் சீராக்கும் வேலையும் இருக்கும். அந்த வயது தப்பக் கூடாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நியாயமாக எழுதியவள் ஆக மாட்டேன். எல்லாப் பிள்ளைக்கும் உடனே தாடையை விரிக்க வேண்டும், உடனே பிளேட் போட வேண்டும் என்று சொல்கிற இடங்களும் உண்டு. யார் சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை இப்பவே செய்யாம ஒரு வருஷம் பொறுத்தா என்ன கெட்டுப் போகும்?" நல்ல மருத்துவர் அதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார், எக்ஸ்ரேயில் காட்டுவார், முதல் கட்டம் முடிந்த பிறகும் 12, 13 வயதில் மறுபடி கம்பி தேவைப்படலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்வார். பதில் மழுப்பலாக வந்தால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

இப்போது உங்களிடம் கேட்பது. பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிற மருத்துவக் குழு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2013ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பல் நோயும் உதட்டுப் பிளவும் பார்க்க வேண்டிய பட்டியலில் இருக்கின்றன. அந்தக் குழு வரும் நாளில் நீங்கள் போய் நில்லுங்கள், சொத்தையோடு சேர்த்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படிச் சேர்கிறது என்பதையும் பாருங்கள் என்று கேளுங்கள், இரண்டாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் மட்டுமாவது நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள், சந்தேகம் இருக்கிற பிள்ளையை மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்தது, மதுரையிலேயே பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, ஊர் ஊராகப் போய் முகாம் நடத்துவதற்கென்றே அங்கே தனித் துறை உண்டு. ஒரு குழு தீர்மானம் போட்டு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான், ஆனால் ஒரு நாள் கூலி போகும் என்றுதான் நம் வீடுகளில் கிளம்ப மாட்டார்கள், அதனால் நாலைந்து பிள்ளைகளை ஒரே நாளில் ஒரே ஆளோடு அனுப்பலாம். நான் இந்த வருஷம் அப்படி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 4 பேரைக் கூட்டிப் போய் வந்தேன், மூன்று பேருக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அந்த மூன்று அம்மாக்களின் நிம்மதியையும் நான் பார்த்தேன்.

இது மதுரையில் முடியாத காரியம் இல்லை. 1976ல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இந்த ஊரில்தான் இருக்கிறது, கண் முகாம் என்றால் என்னவென்று நம் கிராமங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான், இன்றைக்குக் கரும்பலகை தெரியாத பிள்ளையை ஆசிரியரே கண்டுபிடித்துக் கண்ணாடி போட அனுப்பிவிடுகிறார். பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதும் இதே மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில். சாப்பாடு போடுகிறோம், அந்தச் சாப்பாட்டைக் கடித்து மெல்லுகிற பல்லையும் அதே பள்ளியில் வைத்துப் பார்க்கலாம்.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பல்லை வைத்துப் பட்டப்பெயர் கூப்பிடுவதை வகுப்பில் அனுமதிக்காதீர்கள். கூப்பிடுகிற பிள்ளைக்கு அது ஐந்து நிமிஷ விளையாட்டு, என் மகளின் பைக்குள் அது இரண்டு வருஷம் மடித்து வைத்த முகக்கவசமாக இருந்தது.

எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் 19 பிள்ளைகள். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வைக்கிறேன், எழுதியும் வைத்துவிட்டேன்: "ஒவ்வொரு கல்வியாண்டிலும் இரண்டாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் பல் மருத்துவரைக் கொண்டு பல் வரிசை, தாடைப் பரிசோதனை நடத்துவது, முடிவைப் பெற்றோருக்கு எழுத்தில் தருவது." உங்கள் பள்ளிக் கூட்டத்தில் வைக்க வேண்டுமானால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஊர்ப் பெயரை மட்டும் சேர்த்தால் போதும். மகள்தான் இதைப் பிழை திருத்திக் கொடுத்தாள், ஐந்தாம் வகுப்பையும் சேர்க்கச் சொன்னதும் அவள்தான்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், ஒரு தாய்
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்